ஜிம்னி ஆட்டோமேட்டிக்கின் கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றுதல்: முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

மாருதி சுசூகி 2023 ஜூனில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐந்து கதவு ஜிம்னியில், நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வகையை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வண்டியின் என்ஜின் ஆயிலை மாற்றுவதைப் பற்றி யாரைக் கேட்டாலும் தெளிவான பதில் கிடைக்கிறது. ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயிலைப் பற்றிக் கேட்டால் ஒருவர் "அதை மாற்றவே தேவையில்லை, வண்டி உள்ளவரை வரும்" என்கிறார். அடுத்தவர் "சிவப்பு ஆயில் எதுவாக இருந்தாலும் ஊற்றலாம்" என்கிறார். மூன்றாமவர் இயந்திரம் வைத்து முழுவதும் கழுவித்தான் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்கிறார். இந்தப் பதில்களுக்கு நடுவே அலைந்து, கையேட்டையும் வண்டியின் அடிப்பகுதியையும் பொறுமையாகப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஆயிலை வடிப்பது இதில் மிக எளிய பகுதி. கியர் பாக்ஸ் கெட்டுப்போவதற்குக் காரணமாவது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான்: தவறான ஆயில், தவறான மட்டம். ஆகவே கீழே அந்த இரண்டையும் விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் சொல்லியிருக்கிறேன்.

1. உங்கள் கியர் பாக்ஸ் எந்த வகை என்பதை உறுதி செய்யுங்கள்

மாருதி வண்டிகளில் "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே பெயரில் பல வகைகள் உலவுகின்றன. ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஆல்ட்டோ கே10 போன்றவற்றில் உள்ள ஏ.ஜி.எஸ். என்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் ஓட்டுநருக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது. அதற்கு ஊற்றுவது கியர் ஆயில். பிரெஸ்ஸா, எர்டிகா போன்றவற்றின் இன்றைய ஆட்டோமேட்டிக், ஆறு கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச் தட்டுக்குப் பதில் ஆயில் வழியாக விசையைக் கடத்தும் கருவி) வகை. ஜிம்னியிலுள்ளதும் டார்க் கன்வெர்ட்டர் வகைதான் என்றாலும் அது நான்கு கியர் கொண்ட வேறொரு கியர் பாக்ஸ்.

உதிரிபாகக் கடையில் "மாருதி ஆட்டோமேட்டிக் ஆயில்" என்று மட்டும் கேட்டால், கடையில் அதிகம் விற்கும் ஏதோ ஒன்று உங்கள் கைக்கு வரும். அதனால் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணுக்குரிய ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலின் பெயரையும் பாக எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கீகரிக்கப்பட்ட உதிரிபாகக் கவுன்ட்டரில் கணினியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

டார்க் கன்வெர்ட்டர் இருந்தும் டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) இல்லாத வண்டிகள் இன்று பல உள்ளன. அவற்றில் கியர் பாக்ஸின் பக்கவாட்டிலுள்ள ஒரு பிளக்கைத் திறந்து, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது மட்டம் பார்க்க வேண்டும். அதற்கு வெப்பநிலையைக் காட்டும் ஸ்கேனரும் வண்டியைச் சமமாகத் தூக்கும் லிஃப்டும் தேவை. உங்கள் வண்டி அந்த வகை என்றால், தரையில் படுத்துச் செய்யும் இந்த முறை உங்களுக்கு உதவாது.

2. எப்போது மாற்றுவது

மேனுவல் வண்டியில் கிளட்ச் தட்டு செய்யும் வேலையை இங்கே டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழலும் ஆயில் செய்கிறது. அதே ஆயில்தான் உள்ளேயிருக்கும் சிறு கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கிறது, பற்சக்கரங்களுக்கு மசகாகவும் இருக்கிறது, வெப்பத்தையும் வெளியே கொண்டுபோகிறது. இந்த ஆயிலின் எதிரி வெப்பம். சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடும் வண்டியில் அது மெதுவாகவே முதுமையடைகிறது. ஜிம்னியை வாங்குபவர்கள் அப்படி ஓட்டுவதற்காக வாங்குவதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஆள் நிறைந்த வண்டியோடு ஏறும்போதும், தேரிக்காட்டுச் செம்மணலில் சக்கரம் புதையப் புதைய நகரும்போதும், கோடை நண்பகலில் சென்னை நெரிசலில் நின்று நின்று ஊரும்போதும் கன்வெர்ட்டருக்குள் வழுக்கல் மிகுந்து ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிறது. மணலிலும் செங்குத்தான ஏற்றத்திலும் மெதுவாகப் போக வேண்டியிருந்தால் தயங்காமல் 4எல் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவேக நிலை) போட்டு ஓட்டுங்கள். கியர் பாக்ஸின் மேல் விழும் சுமை குறைவதால் ஆயிலின் ஆயுள் கண்கூடாக நீள்கிறது.

பராமரிப்புக் கையேட்டில் உங்கள் மாடலுக்கு என்ன இடைவெளி சொல்லியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கடுமையான பயன்பாட்டுக்குத் தனி இடைவெளி கொடுத்திருந்தால், மேலே சொன்னவற்றில் ஏதேனும் ஒன்று உங்களுக்கு அடிக்கடி நேர்வதானால் அதுவே உங்களுக்குரியது. என்னுடைய கருத்து, மலையும் மணலும் நெரிசலும் கலந்து ஓடும் வண்டிக்கு 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது என்பதாகும். ஒரு கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் ஆயிலுக்கு ஆகும் பணம் மிகச் சொற்பம்.

ஒரு நிலைமையில் மட்டும் கிலோமீட்டர் கணக்கே பார்க்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நின்றதுபோன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கி நின்றிருந்தாலோ, ஆற்றைக் கடக்கையில் கியர் பாக்ஸ் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தாலோ, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் தெளிந்த சிவப்பாக இல்லாமல் பால் கலந்ததுபோல் கலங்கிய இளஞ்சிவப்பாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலத்தைத் தண்ணீர் பிரித்துவிடும் என்பதால், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியில் ஏற்றிச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். வீட்டில் ஒருமுறை வடித்து ஊற்றுவது அந்த நிலைமைக்குப் போதாது.

3. வாரண்டி, ரசீது, பதிவு

வண்டி வாரண்டியில் இருக்கிறதா என்பதை வாரண்டிப் புத்தகத்தில் பாருங்கள். மாருதி தன் வண்டிகளுக்கான வாரண்டியை 2024 ஜூலையில் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. அதற்கு முன் வாங்கிய வண்டிகளுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர்தான். கூடுதல் வாரண்டி எடுத்திருந்தால் அதன் தாளையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி உயிரோடு இருக்கும்வரை இந்த வேலையை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் செய்துகொள்வதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். அங்கே கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஜாப் கார்டில் "ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்றம்" என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக "ஆயில் மாற்றம்" என்று எழுதியிருந்தால் அது என்ஜின் ஆயிலைத்தான் குறிக்கும். இரண்டாவது, பில்லில் ஆயிலின் பாக எண்ணும் எத்தனை லிட்டர் என்பதும் வர வேண்டும். மூன்றாவது, வேலை முடிந்தபின் என்ஜின் ஓடும் நிலையில் மட்டம் பார்த்தார்களா என்று கேட்டு, முடிந்தால் அருகில் நின்று பாருங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நீங்களே செய்வதானால், ஆயில் வாங்கிய ஜி.எஸ்.டி. பில், கேனின் முன்னும் பின்னும் எடுத்த புகைப்படம், வேலை செய்த நாளன்று ஓடோமீட்டரின் புகைப்படம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள். வண்டியை விற்கும்போது இந்தத் தாள்களுக்கு நல்ல மதிப்பு உண்டு.

4. ஆயில் வாங்குதல்

வேலை முழுவதிலும் உங்கள் கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இது. உரிமையாளர் கையேட்டின் கடைசிப் பக்கங்களில், ஒவ்வொரு பாகத்துக்கும் எந்த ஆயில், எவ்வளவு என்ற அட்டவணை இருக்கும். அங்கே ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனுக்கு நேரே எழுதியிருக்கும் பெயரைப் படம் பிடித்துக்கொண்டு, சேசிஸ் எண்ணை வைத்துக் கவுன்ட்டரில் சொன்ன பெயரோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் மட்டுமே வாங்குங்கள்.

இங்கே காத்திருக்கும் பொறிகளைத் தனித்தனியாகச் சொல்கிறேன். வெளிநாடுகளில் ஓடும் பழைய தலைமுறை ஜிம்னிகளுக்கு எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு அந்த ஆயிலையே தேடிப் போகாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் தலைமுறைக்குத் தலைமுறை பரிந்துரை மாறியிருக்கிறது. பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் டெக்ஸ்ரான் வகை எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும், நிறமும் சிவப்புதான். கையேடு அதைச் சொல்லாதவரை அது உங்களுடையதல்ல. பெல்ட்டால் இயங்கும் சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக்குக்கான ஆயில் முற்றிலும் வேறு பொருள், அதைத் தவறியும் ஊற்றக் கூடாது. சிவப்பு என்பது சாயத்தின் நிறமே தவிர தரத்தின் அடையாளம் அன்று. உராய்வுத் தன்மையும் பாகுத்தன்மையும் மாறினால் கியர் மாறும்போது உதறல், தாமதம், கடைசியில் கிளட்ச் கருகல் என்று வரிசையாக வரும்.

எல்லா ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் பொருந்தும் என்று கேனின் மேல் எழுதி விற்கும் பொது வகை ஆயில்களைப் பற்றிக் கேட்பீர்கள். அவற்றில் நல்ல தயாரிப்புகள் உண்டு. கேனின் பின்புறப் பட்டியலில் உங்கள் கையேடு கூறும் தரத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தால் அவை பயன்படும். இருந்தாலும் முதல்முறை செய்பவர்களுக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன். பின்னால் ஏதேனும் உதறல் தெரிந்தால், அது ஆயிலால் வந்ததா மட்டத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

போலி ஆயில் நம் சந்தையில் உண்டு. கேனின் மூடிச் சீல், தயாரிப்பு மாதம், பேட்ச் எண், எம்.ஆர்.பி. ஆகியவை தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய டிரம்மிலிருந்து அளந்து தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

எத்தனை லிட்டர் வாங்குவது? கையேட்டில் எழுதியிருப்பது கியர் பாக்ஸின் மொத்தக் கொள்ளளவு. வடிகால் போல்ட்டைத் திறந்தால் அதில் பாதிக்கும் குறைவுதான் வெளியே வரும், ஏனென்றால் மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். இந்த அளவுள்ள கியர் பாக்ஸில் பொதுவாக இரண்டு முதல் மூன்று லிட்டர் வடியும் என்று எதிர்பார்க்கலாம். நான்கு லிட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் முதல்முறைக்குக் கை முட்டாது. எஞ்சியதைச் சீல் செய்து அடுத்த முறைக்கு வைக்கலாம்.

5. கருவிகளும் செலவும்

ஆயிலின் விலை, தரத்தையும் ஊரையும் பொறுத்து லிட்டருக்கு ஏறத்தாழ 600 முதல் 1,200 ரூபாய் வரை போகிறது. வடிகால் போல்ட்டின் வாஷர் சில்லறைச் செலவுதான், ஆனால் அதைக் கட்டாயம் புதிதாக வாங்குங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் ஆயிலை நீங்கள் வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் கொடுப்பதானால் 500 முதல் 1,500 ரூபாய்க்குள் பேசலாம். ஒருமுறை மாற்ற இந்தக் கணக்கைத் தாண்டிப் போனால் எதற்கென்று விளக்கம் கேளுங்கள்.

போல்ட்டுக்குச் சரியான அளவுள்ள ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர், ஐந்து லிட்டர் பிடிக்கும் அகன்ற தட்டு, லிட்டர் கோடு போட்ட அளவு ஜாடி, டிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழையும் அளவுக்கு மெல்லிய குழாய் பொருத்திய நீண்ட புனல், டார்ச், ரப்பர் கையுறை, சக்கரத்துக்கு வைக்க நான்கு மரக்கட்டைகள் ஆகியவை போதும். மெல்லிய குழாயோடு கூடிய பெரிய சிரிஞ்ச் ஒன்று இருந்தால், ஆயில் கூடிவிட்டால் உறிஞ்சி எடுக்க உதவும்.

துடைக்கும் துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் பனியன் வேஸ்ட்டை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. அதிலிருந்து உதிரும் நூலிழை டிப்ஸ்டிக்கோடு உள்ளே போனால் ஆயிலின் போக்கைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியின் மெல்லிய துளைகளில் சிக்கிக்கொள்ளும். நூல் உதிராத காகிதத் துண்டோ, கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியோ வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் இதை நீங்களே கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நேரம்: முதல்முறைக்கு அரை நாளை ஒதுக்குங்கள். அதில் பெரும்பகுதி வண்டி ஆறுவதற்கும் மறுபடி சூடாவதற்கும் காத்திருப்பதிலேயே போகும். மாலையில் வேறு ஊருக்குப் போக வேண்டிய நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

6. வண்டியை நிறுத்துதல்

பத்து நிமிடம் ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்குங்கள். சூடான ஆயில் நன்றாக வடியும். பிறகு முன்பின் சரிவில்லாத சிமெண்ட் தரையில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஓடி நின்ற உடனே ஆயிலும் அருகில் செல்லும் சைலன்சர் குழாயும் தோலைச் சுட்டுவிடும் அளவு கொதிப்போடு இருக்கும்.

ஜிம்னியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். ஒல்லியானவர்கள் ஜாக்கி இல்லாமலே அடியில் கை நீட்டி வேலை செய்யலாம், அதுதான் பாதுகாப்பும்கூட. தூக்கியே ஆக வேண்டுமென்றால் நான்கு பக்கமும் சமமாக ஸ்டாண்டு வைத்துத் தூக்குங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கே உரிய ஓர் ஆபத்தையும் கவனியுங்கள். ஜிம்னியில் கியர் லீவருக்குப் பக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கான (என்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) சிறிய லீவர் இருக்கிறது. அது நியூட்ரலில் நின்றுவிட்டால், கியர் லீவர் 'பி'யில் இருந்தாலும் சக்கரங்கள் பூட்டப்பட்டிருக்காது, வண்டி உருளும். ஆகவே சிறிய லீவர் 2எச்-இல் (இரு சக்கர இயக்க நிலை) முழுமையாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வையுங்கள். இம்மூன்றும் முடிந்த பிறகே அடியில் போக வேண்டும்.

7. சரியான போல்ட்டைக் கண்டறிதல்

அடியில் படுத்து மேலே பார்த்தால் வடிகால் போல்ட்டுகள் பல தெரியும். முன்பகுதியில் என்ஜின் ஆயில் சம்ப். அதற்குப் பின்னால், தட்டையான தகரத் தட்டுபோல் விளிம்பைச் சுற்றிலும் சிறு போல்ட்டுகள் போட்டிருப்பது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயில் பேன். அதற்கும் பின்னால் தனிக்கூட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் அச்சிலும் பின் அச்சிலும் ஆளுக்கொரு டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பற்சக்கரக் கூடு). டிரான்ஸ்ஃபர் கேஸிலும் டிஃபரன்ஷியல்களிலும் இருப்பது கியர் ஆயில். அவற்றுக்கும் நீங்கள் வாங்கிய சிவப்பு ஆயிலுக்கும் தொடர்பே இல்லை.

இந்த வேலையில் நடக்கும் பெரிய விபத்து, என்ஜின் ஆயிலை வடித்துவிட்டு கியர் பாக்ஸுக்குள் மூன்று லிட்டரைக் கூடுதலாக ஊற்றிவிடுவதுதான். ஒரே தவறில் என்ஜின் வறண்டும் கியர் பாக்ஸ் நிரம்பி வழிந்தும் போகும். ஆயில் பேனை அடையாளம் கண்டதும் சாக்பீஸால் அதில் ஒரு குறி போட்டுவிடுங்கள். மெக்கானிக்கிடம் செய்தாலும் போல்ட்டைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வடிக்கும் முன் இன்னொன்று. பானெட்டைத் திறந்து, பின்பக்கச் சுவரோரம் இருக்கும் ஆட்டோமேட்டிக் டிப்ஸ்டிக்கை வெளியே எடுத்துப் பாருங்கள். என்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். துடைத்துப் பார்த்தால் ஆயிலின் நிறமே சொல்லிவிடும். அது ஒரு சிறு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கலாம், முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். புதிய ஆயிலை ஊற்றப்போவதும் இதே குழாய் வழியாகத்தான் என்பதால், இது திறக்கிறது என்று தெரிந்த பிறகே கீழே வடிகாலைத் திறக்க வேண்டும். எடுக்கும் முன் அதைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள்.

8. வடித்தல்

என்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் ஸ்டார்ட் செய்துவிடாமல் இருக்க. தட்டைப் போல்ட்டுக்குக் கீழே வைத்து, ஸ்பேனரால் மெதுவாகத் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்றுங்கள். சொட்டு நிற்கும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். போல்ட்டைத் துடைத்துப் புதிய வாஷர் போட்டு, முதலில் கையாலேயே திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். முழு பலத்தைக் கொடுத்து முறுக்காதீர்கள். பேனிலுள்ள மரை போய்விட்டால் ஆயில் மாற்றம் என்ற சிறு வேலை பேன் மாற்றம் என்ற பெரு வேலையாகிவிடும். டார்க் ரெஞ்ச் கிடைத்தால் சர்வீஸ் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்குவது எல்லாவற்றிலும் மேல்.

பேனையே கழற்றி உள்ளிருக்கும் வடிகட்டியையும் மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். ஆயில் சுத்தமாக இருந்து வண்டியும் ஒழுங்காக ஓடினால் முதல்முறைக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். பேனைக் கழற்றினால் கேஸ்கெட் மாற்றி, சிறு போல்ட்டுகளை ஒரே சீராக இறுக்கிப் பொருத்த வேண்டும். அது அனுபவமுள்ள கைக்கு உரிய வேலை.

9. வடிந்த ஆயிலைப் பார்த்தல்

தட்டிலிருந்து அளவு ஜாடிக்கு ஊற்றி, எத்தனை லிட்டர் என்று உடனே எழுதி வையுங்கள். இந்த எண்தான் அடுத்து எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு அடிப்படை. கொதிக்கும் ஆயில் விரிந்திருக்கும் என்பதால், அளப்பது ஆயில் ஆறிய பிறகாக இருக்கட்டும்.

பழைய ஆயில் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருப்பது இயல்பு. கறுத்து, கருகிய வாடை வீசினால் அது அதிக வெப்பத்தைப் பார்த்திருக்கிறது. அடியில் மிக மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் கவலை வேண்டாம், தேய்மானத்தில் வருவதுதான் அது. விரல் நுனியில் உறுத்தும் உலோகத் துணுக்குகளோ கிளட்ச் படலத்தின் துண்டுகளோ தெரிந்தால், அந்த மாதிரியை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

10. புதிய ஆயிலை ஊற்றுதல்

வடிந்த அளவிலிருந்து 200 மில்லிலிட்டரைக் கழித்துக்கொண்டு, மீதியை டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்ல ஊற்றுங்கள். குழாய் குறுகலானது, அவசரப்பட்டால் வெளியே வழிந்து சைலன்சரில் படும், பின்னர் ஸ்டார்ட் செய்ததும் புகையும். ஆயில் ஊற்றாமல் ஒரு விநாடிகூட என்ஜினை ஓட்டக் கூடாது, ஏனெனில் கியர் பாக்ஸின் பம்ப் வறண்டு ஓடிக் கெடும்.

குறைத்து ஊற்றச் சொல்வதற்குக் காரணம், ஆயிலைச் சேர்ப்பது எளிது, எடுப்பது கடினம் என்பதுதான். கூடிப்போன ஆயிலைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயில் அழுத்தத்தைத் தாங்காது, கிளட்சுகள் வழுக்கும். குறைந்தாலும் விளைவு ஏறத்தாழ இதேதான்: பம்ப் காற்றை உறிஞ்சும், 'டி'யில் போட்டபின் வண்டி தாமதித்து நகரும், ஏற்றத்தில் என்ஜின் மட்டும் அலறும்.

11. மட்டம் பார்த்தல்

என்ஜின் ஆயிலைப் பார்ப்பதுபோல், வண்டியை அணைத்துவிட்டு இதைப் பார்த்தால் காட்டும் அளவு பொய். பலரும் சறுக்குவது இங்கேதான்.

முதலில் ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்தியபடியே லீவரை ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய் மூன்று விநாடி நிறுத்தி, மீண்டும் 'பி'க்கு வாருங்கள். புதிய ஆயில் வழிகளிலெல்லாம் பரவ இது அவசியம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி நகரும் என்பதால், இந்தச் சமயத்தில் முன்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். என்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்த்து, குளிர்நிலைக்கான குறி இருந்தால் அதற்குள் வருகிறதா என்று தோராயமாக மட்டும் சரிபாருங்கள். போல்ட்டில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு கட்டைகளை எடுத்துவிட்டு, சாதாரண வேகத்தில் ஓட்டி வாருங்கள். என்ஜின் வெப்பநிலை வழக்கமான அளவுக்கு வந்தபிறகும் குறைந்தது பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். கியர் பாக்ஸ் ஆயில் என்ஜினைவிட மெதுவாகவே சூடாகும். நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டோ மலை ஏறி இறங்கிவிட்டோ உடனே அளக்காதீர்கள், அப்போது ஆயில் அளவுக்கு மீறி விரிந்திருக்கும்.

அதே சமதளத்துக்குத் திரும்பி, ஹேண்ட் பிரேக் போட்டு, 'பி'யில் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். மீண்டும் ஒருமுறை எல்லா நிலைகளுக்கும் லீவரை நகர்த்தி 'பி'க்கு வந்து, என்ஜினை அணைக்காமலே டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி, வெளியே எடுத்துப் படியுங்கள். சூடான நிலைக்கான இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். புடவைத் தலைப்பும் தளர்ந்த சட்டைக் கையும் சுழலும் பெல்ட்டுக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் வெவ்வேறு மட்டம் தெரிந்தால், எது குறைவாகக் காட்டுகிறதோ அதுவே சரி. மற்றது குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் பூசியதாக இருக்கும். இப்போதுதான் ஊற்றிய குழாய் என்பதால் முதல் சில தடவை குழப்பமாகத்தான் தெரியும். துடைத்துத் துடைத்து, ஒரே அளவு தொடர்ந்து வரும்வரை பாருங்கள். குறைந்தால் 100 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள அளவு அரை லிட்டருக்கும் குறைவு என்பதால், ஒரே மூச்சில் ஊற்றினால் எல்லையைத் தாண்டிவிடும். தாண்டிவிட்டால் என்ஜினை அணைத்து, சிரிஞ்சால் சிறிது உறிஞ்சி எடுங்கள்.

கடைசியில் டிப்ஸ்டிக்கை அழுத்திப் பொருத்தி, போல்ட் இருந்தால் இறுக்குங்கள். சரியாக உட்காராத டிப்ஸ்டிக் வழியே அடுத்த ஆற்றில் தண்ணீர் உள்ளே போகும். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் இதே முறையில் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

12. இரண்டாம், மூன்றாம் மாற்றம்

ஒருமுறை வடித்து ஊற்றினால் பழைய ஆயில் முழுவதும் போய்விடாது. உதாரணத்துக்கு மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர், வடிவது 2.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாற்றத்துக்குப் பிறகு 58 விழுக்காடு பழைய ஆயில் உள்ளே இருக்கும். இரண்டாவதற்குப் பிறகு 34. மூன்றாவதற்குப் பிறகு 20. வடிந்தது சுத்தமாக இருந்தால் ஒருமுறையோடு நிறுத்தி, அடுத்த இடைவெளியைச் சற்று முன்னதாக வைத்துக்கொள்ளலாம். கறுத்திருந்தால், 1,000 கிலோமீட்டர் இடைவெளியில் மேலும் இரண்டு முறை செய்யுங்கள்.

கூலர் குழாயைக் கழற்றி இயந்திரம் மூலம் முழு ஆயிலையும் மாற்றும் முறை நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் எட்டு, பத்து லிட்டர் ஆயில் செலவாகும். அந்த இயந்திரத்தில் முந்தைய வண்டியின் ஆயில் எது என்று உங்களுக்குத் தெரியாது. பல்லாண்டுகள் ஆயிலே மாற்றாத, ஏற்கெனவே வழுக்கும் வண்டியில் அழுத்தம் கொடுத்துக் கழுவினால், படிந்திருந்த கசடு கிளம்பி வால்வுகளில் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வடித்து ஊற்றும் முறை மெதுவானது என்றாலும் நான் அதையே விரும்புகிறேன்.

பழைய ஆயிலைக் கால்வாயிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. காலிக் கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயிலை மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். சர்வீஸ் சென்டர்களிலும் கேட்டுப் பார்க்கலாம். சமையல் எண்ணெய் டின்னில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் யாரேனும் தெரியாமல் எடுத்துவிடுவார்கள்.

13. மாற்றிய பிறகும் தொந்தரவு இருந்தால்

புதிய ஆயிலோடு கியர் மாற்றம் சற்று மென்மையாகலாம், அல்லது எந்த வேறுபாடும் தெரியாமலும் இருக்கலாம், இரண்டும் இயல்புதான். 'டி'யில் போட்டபின் நகரத் தாமதிப்பது, கியர் மாறும்போது அடித்தாற்போல் உதறுவது, ஏற்றத்தில் வழுக்குவது ஆகியவை புதிதாகத் தொடங்கியிருந்தால் முதலில் மட்டத்தைச் சூடான நிலையில் மறுபடி பாருங்கள், அடுத்து கேனின் மேலுள்ள பெயரைக் கையேட்டோடு மறுபடி ஒப்பிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் அவை தொடர்ந்தால், அல்லது மாற்றுவதற்கு முன்பே இருந்த வழுக்கல் அப்படியே நீடித்தால், அது ஆயிலால் தீரும் பழுதன்று. வண்டியை மேலும் ஓட்டாமல், வடிந்த ஆயிலின் அளவு, ஊற்றிய அளவு, ஆயிலின் பெயர், கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ரசீதுகளோடு சேர்த்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். என்ன ஊற்றப்பட்டது என்பது அவருக்குத் தெரிந்தால், ஸ்கேனரை மாட்டிப் பழுதைத் தேடும் வேலை பாதியாகக் குறையும்.